நடைபழகும் குழந்தையோடு நகரத்துக்கு ஒரு நாள்: பகல் தூக்கத்திலிருந்து திட்டமிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கினால் பக்கத்து நகரத்துக்கு ஒரே நாளில் போய்வருவது பற்றிய கட்டுரைகள் தங்கள் நாளிதழில் வருகின்றன. எதைப் பார்க்கலாம், எப்படிப் போகலாம், எங்கே சாப்பிடலாம் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் ஒரு குழந்தை இருக்கும் குடும்பம் அதை அப்படியே பின்பற்றினால் மதியம் இரண்டு மணிக்குள் எல்லாம் குலைந்துவிடும். குழந்தை நடுத்தெருவில் உட்கார்ந்து அழும், பெரியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவார்கள். குழந்தையின் பிடிவாதம் என்று சொல்லி அதை முடித்துவிடுவது நியாயமில்லை. ஐந்து இடங்களைப் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் போட்ட கணக்குக்குள் குழந்தையின் தூக்கமும் பசியும் இடம்பெறவே இல்லை. இடங்களின் பட்டியலுக்கு முன்பாக எழுத வேண்டிய விஷயங்கள் சில உண்டு. அவற்றுக்காகவே இந்தக் கடிதம். சற்று நீளமானது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் பகல் தூக்கம். உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 1 முதல் 2 வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது. 3, 4 வயதில் 10 முதல் 13 மணி நேரம். ஒன்றரை வயதைத் தாண்டிய குழந்தைகளில் பெரும்பாலோர் பகலில் ஒரே முறைதான் தூங்குவார்கள். காலையில் விழித்து ஐந்து, ஐந்தரை மணி நேரம் ஆனதும் அந்தத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். 6.30-க்கு எழும் குழந்தைக்கு அது ஏறக்குறைய 12 மணி. பயணத் திட்டத்தை இந்த 12 மணியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

7.30-க்குக் கிளம்பினால் 9 மணிக்குள் நகரத்தை அடையலாம். 11.15 வரை பார்ப்பதும் நடப்பதும் ஓடுவதும். 11.15-க்குச் சாப்பாடு. 12 மணிக்குத் திரும்பும் வண்டியில் ஏறிவிட வேண்டும். ஏறிய பத்து நிமிடத்தில் குழந்தை தூங்கும், வீடு வரும்வரை தூங்கும். பெரியவர்களுக்கு இது அரைநாள் பயணமாகத் தோன்றும், மனசும் கேட்காது. ஆனாலும் சொல்கிறேன்: இந்த வயதில் முழுநாள் பயணத்தைவிட அரைநாள் பயணமே நல்லது. சாயங்காலம் வரை இழுத்தால் குழந்தை அன்று பார்த்ததையெல்லாம் சோர்வு மூடிவிடும். இரவுத் தூக்கமும் கெடும். அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை சீக்கிரம் தூங்கிவிடும் என்று நினைப்பது தவறு. அது துள்ளும், சிணுங்கும், தூங்கிய பிறகும் அடிக்கடி விழிக்கும்.

இந்தத் திட்டத்தைக் கெடுப்பது போகும்வழிக் குட்டித்தூக்கம். எட்டரை மணிக்கு வண்டியின் ஆட்டத்தில் குழந்தை இருபது நிமிடம் கண்ணயர்ந்தால், சேர்ந்து வந்த தூக்க உந்துதல் குறைந்துவிடும். பிறகு 12 மணிக்குத் தூக்கம் வராது. இரண்டு மணிக்குமேல் பொறுக்க முடியாத களைப்பாக வரும். இதற்குப் பெரும்பாலும் காரணம், சீக்கிரம் கிளம்பும் ஆசையில் குழந்தையை வழக்கத்துக்கு முன்பே எழுப்புவதுதான். எழுப்பாதீர்கள். அதுவாக எழும் நேரத்துக்கு ஏற்பக் கிளம்பும் நேரத்தைத் தள்ளிவையுங்கள். பைகளை முந்தின இரவே கட்டி வைத்தால் எழுந்து ஒரு மணி நேரத்தில் புறப்படலாம். வழியில் பெரியவர் ஒருவர் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியே தெரிவதைக் காட்டிப் பேசிக்கொண்டு வரட்டும். அப்படியும் தூங்கிவிட்டால், போய்ச் சேர்ந்ததும் உலுக்கி எழுப்ப வேண்டாம். நிழலில் வண்டியை நிறுத்தி, கதவுகளைத் திறந்துவைத்து, ஒருவர் கூடவே இருந்து முழுத் தூக்கத்தையும் அங்கேயே முடிக்க விடலாம். அன்றைய நேரக்கணக்கு முழுவதும் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போகும். பரவாயில்லை.

ஒருவழிப் பயணம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் அந்த நகரம் ஒரு நாள் பயணத்துக்குத் தூரம் என்றே கொள்ளலாம். அதே 2019 வழிகாட்டுதல், இந்த வயதுக் குழந்தைகளைத் தள்ளுவண்டி, உயர நாற்காலி, முதுகில் கட்டும் கேரியர் என எதிலும் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் கட்டி உட்காரவைக்க வேண்டாம் என்கிறது. நாள் முழுவதிலுமாக 180 நிமிடமாவது உடல் அசைவு வேண்டும் என்றும் சொல்கிறது. காரில் ஒன்றரை மணி நேரம் கட்டிவைத்து, இறங்கியதும் தள்ளுவண்டியில் இன்னொரு மணி நேரம் கட்டிவைத்தால் குழந்தை முறுக்கிக்கொள்ளாமல் என்ன செய்யும்? இடையில் ஒருமுறை நிறுத்திப் பத்து நிமிடம் நடக்கவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் இருபது நிமிடம் எதையும் பார்க்க அவசரப்படாமல் திறந்த வெளியில் ஓடவிடுங்கள். நுழைவுச்சீட்டு வரிசையில் ஒருவர் நிற்க, மற்றவர் குழந்தையோடு ஓடலாம்.

மதியத்துக்கு மேலும் நகரத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றால் தூக்கத்தை அங்கேயே ஏற்பாடு செய்யுங்கள். முதுகு சாயும் தள்ளுவண்டி வேண்டும். மரநிழலுள்ள, சத்தம் குறைந்த பாதை ஒன்றை முன்கூட்டியே வரைபடத்தில் பார்த்துவைத்து, 12 மணிக்குக் குழந்தையைச் சாயவைத்து மெல்லத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். தூங்கியபின் நின்றுவிடலாம். வெயிலுக்காகத் தள்ளுவண்டியின் மேல் துணி போட்டு மூடும் வழக்கம் ஆபத்தானது. மெல்லிய துணியாக இருந்தாலும் காற்றோட்டம் அடைபட்டு உள்ளே வெப்பம் ஏறும். குழந்தையின் முகமும் கண்ணுக்குத் தெரியாது. நிழலுக்கு நகர்வதுதான் சரி.

காரில் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, குழந்தை இருக்கை. மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால் 10 கிலோ குழந்தையை எவர் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. குழந்தைக்கு உடலோடு ஒப்பிட்டால் தலை பெரியது, கழுத்து வலுவில்லாதது. அதனால்தான் குழந்தை இருக்கைகளுக்கான ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆர்129 விதி, 15 மாதம் வரை பின்நோக்கி, அதாவது முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படி, அமர்த்துவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இருக்கையின் எடை, உயர வரம்பு இடம்தரும்வரை அதற்குப் பிறகும் பின்நோக்கி வைப்பதே நல்லது. ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் பின்நோக்கிய இருக்கையை ஒருபோதும் பொருத்தக் கூடாது. பட்டையை மாட்டியபின் தோள் எலும்புக்கு மேலே அதை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் பட்டை தளர்வாக இருக்கிறது. தடித்த மேல்சட்டையோடு கட்டினாலும் தளர்வுதான். துணியின் தடிமன் மோதலில் நசுங்கி அந்த இடம் காலியாகிவிடும். சட்டையைக் கழற்றிக் கட்டிவிட்டு, மேலே போர்த்திவிடலாம்.

இரண்டாவது, நிறுத்திய கார். ஒரு நிமிட வேலைக்குக்கூட உள்ளே குழந்தையை விட்டுப்போகக் கூடாது. வெளியே 27 டிகிரி செல்சியஸ் இருக்கும் இதமான நாளிலேயே மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் 37 டிகிரியும் அரைமணி நேரத்தில் 45 டிகிரிக்கு மேலும் ஏறுகிறது. கண்ணாடியைச் சற்று இறக்கிவைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடாகும். பின்சீட்டில் குழந்தை தூங்கியதை மறந்து இறங்கிப்போவது அக்கறையில்லாதவர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. வழக்கம் மாறிய நாளில், களைத்த மூளையில், யாருக்கும் நேரலாம். பயண நாள் அப்படிப்பட்ட நாள்தான். கைப்பையையோ போனையோ பின்சீட்டில் குழந்தையின் காலடியில் வைத்துவிட்டால் இறங்கும்போது பின்கதவைத் திறந்தே ஆக வேண்டியிருக்கும்.

ரயில் இந்த வயதுக்கு மிக நல்ல வாகனம். எழுந்து நடக்கலாம், பல ரயில்களில் கழிப்பறையும் உண்டு. நடைமேடையில் மட்டும் எச்சரிக்கை. பல நடைமேடைகள் லேசாகச் சரிந்திருக்கும், வேகமாகக் கடந்துபோகும் ரயிலின் காற்றும் இழுக்கும். தள்ளுவண்டியை விளிம்பிலிருந்து தள்ளி, தண்டவாளத்துக்கு இணையாக நிறுத்தி, பிரேக் போட்டு, கையையும் எடுக்காமல் இருக்க வேண்டும். பேருந்தில் மடக்கிய தள்ளுவண்டியும் குழந்தையும் பையுமாக ஒருவரால் ஏற முடியாது. தனியாகப் போகும் தாயோ தந்தையோ தள்ளுவண்டியை விட்டுவிட்டுக் கேரியரோடு போவது மேல்.

தள்ளுவண்டியா கேரியரா என்ற கேள்விக்கு, நகரத்தின் நடைபாதையைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். சமதளமும் லிஃப்டும் இருந்தால் தள்ளுவண்டி. படிக்கட்டும் உடைந்த நடைபாதையும் நெரிசலும் என்றால் கேரியர். கேரியரில் குழந்தையின் முழங்கால் இடுப்பு மட்டத்திலோ சற்று மேலோ இருக்க வேண்டும். கால் நேராகத் தொங்கினால் அளவு சிறிது. தள்ளுவண்டியின் கைப்பிடியில் கனமான பைகளைத் தொங்கவிடுவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். குழந்தையைத் தூக்கிய அடுத்த நொடி முன்பக்க எடை போய், வண்டி பின்னால் சாயும். குழந்தை ஏற முயலும்போதும் இதேதான் நடக்கும். பை கீழ்க்கூடையில் இருக்கட்டும். எஸ்கலேட்டரில் தள்ளுவண்டியை ஏற்றவே கூடாது. நடக்கும் குழந்தையானால் தூக்கிக்கொள்வது நல்லது. மென்மையான ரப்பர் செருப்பு எஸ்கலேட்டரின் பக்கவாட்டு இடுக்கில் உராய்ந்து உள்ளே இழுபடும். போக்குவரத்து மிகுந்த சாலையோரத்தில் தள்ளிக்கொண்டு போவதையும் தவிர்க்கலாம். வாகனப் புகை தரையிலிருந்து முதல் ஒரு மீட்டர் உயரத்துக்குள்தான் அதிகம், தள்ளுவண்டியில் இருக்கும் குழந்தை மூச்சுவிடுவதும் அந்த உயரத்தில்தான். இணையாக ஓடும் உள்தெரு ஒன்று இருந்தால், சற்றுச் சுற்றானாலும், அதில் போங்கள்.

சாப்பாட்டில் புதிய சோதனைகளுக்கு இது நாளில்லை. வீட்டில் விரும்பிச் சாப்பிடும் உணவையே எடுத்துப் போங்கள். சமைத்த உணவை வெளிவெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்துக் கொடுக்கக் கூடாது, வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான். எனவே மதிய உணவை வீட்டிலிருந்து கொண்டுபோவதானால் கொதிக்கக் கொதிக்க ஃபிளாஸ்க்கில் அடைக்க வேண்டும், அதற்குமுன் ஃபிளாஸ்க்கைக் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அங்கே புதிதாகச் சமைத்ததை வாங்கிக் கொடுப்பதே பாதுகாப்பு. இடைத்தீனியைச் சிறு சிறு டப்பாக்களாகப் பிரித்து வையுங்கள். ஒரே பெரிய டப்பா என்றால் ஒன்பது மணிக்கே காலியாகும், அல்லது கீழே கொட்டி மொத்தமும் போகும்.

ஓடும் வண்டியில் பக்கத்தில் ஆள் இல்லாமல் குழந்தையின் கையில் தீனி கொடுத்துவிட்டு ஓட்டாதீர்கள். தொண்டையில் அடைத்தால் குழந்தையால் சத்தம் எழுப்ப முடியாது. முன்சீட்டில் இருப்பவருக்கு எதுவும் கேட்காது. முழுத் திராட்சை, முழுக் கொட்டைகள், பாப்கார்ன், கெட்டி மிட்டாய் எதுவும் நான்கு வயதுக்குக் கீழே வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுக்கலாம். குறுக்கே வெட்டினால் வட்டமாகவே இருந்து மூச்சுக்குழாயை அடைக்கும்.

உணவகத்தில் இந்த வயதுக் குழந்தை அமைதியாக உட்காருவது பதினைந்து, இருபது நிமிடம். உணவு வரவே அவ்வளவு நேரம் ஆகும். ஆகவே ஒருவர் போய்ச் சொல்லிவிட்டு மேசையைப் பிடித்துக்கொள்ளட்டும், மற்றவர் குழந்தையை வெளியே நடக்கவிட்டு உணவு வந்தபின் அழைத்துவரட்டும். 11.15-க்குச் சாப்பிடச் சொன்னதற்குத் தூக்கம் மட்டும் காரணமில்லை. கூட்டம் வருமுன் சுவரோர மேசை கிடைக்கும், உணவும் சீக்கிரம் வரும். சூடான பானங்களைக் குழந்தையின் கைக்கு எட்டாத தூரத்தில், மேசையின் நடுவில் வையுங்கள். மேசை விரிப்பு இருந்தால் மடித்து நகர்த்திவிடுங்கள். குழந்தை இழுப்பது விரிப்பைத்தான், கூடவே வருவது கோப்பை.

தண்ணீர் அடிக்கடி மறந்துபோகிறது. 1 முதல் 3 வயது வரை, உணவிலும் பாலிலும் கிடைப்பதைச் சேர்த்து, நாளுக்குச் சுமார் 1.3 லிட்டர் திரவம் தேவை. வெயிலில் ஓடும் நாளில் இன்னும் கூடும். கேட்டால் கொடுக்கலாம் என்று இருக்காதீர்கள். விளையாட்டில் இறங்கிய குழந்தை கேட்காது. அரைமணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று வாய் நீட்டுங்கள். நான்கைந்து மணி நேரமாக டயப்பர் காய்ந்தே இருக்கிறது என்றால் தண்ணீர் போதவில்லை. அழும்போது கண்ணீர் வராமல், வாய் உலர்ந்து, குழந்தை துவண்டு சாய்ந்தால் பயணத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி பை. ஒரு பை போதாது, இரண்டு வேண்டும். பெரியது வண்டியிலோ தள்ளுவண்டியின் கூடையிலோ இருக்கும். சிறியது உடம்பிலேயே இருக்கும். சிறியதில் இரண்டு டயப்பர், சிறு பாக்கெட் ஈரத்துணி, விரிப்பு, தண்ணீர்க் குடுவை, ஒரு டப்பா தீனி, குழந்தை எப்போதும் கட்டிக்கொள்ளும் பொம்மையோ துணியோ. கழிப்பறைக்கு ஓடும்போது பெரிய பையைக் கிளறிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. மொத்த டயப்பர் கணக்கு எளிது: வீட்டைவிட்டு வெளியே இருக்கும் மணி நேரத்தை இரண்டரையால் வகுத்து, இரண்டைக் கூட்டுங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஐந்து அல்லது ஆறு. குழந்தைக்கு மாற்றுடை இரண்டு, தூக்கிச் சுமக்கும் பெரியவருக்கு மேலாடை ஒன்று. இந்தக் கடைசியை எடுத்துவைப்பவர் குறைவு. வாந்தியோ டயப்பர் கசிவோ ஆனபிறகுதான் அருமை தெரியும். நனைந்ததைக் கட்டிவைக்க இறுக்கி முடியக்கூடிய பைகள் நான்கு. கைகழுவச் சோப்பும் தண்ணீரும் கிடைக்கும் இடத்தில் 20 விநாடி தேய்த்துக் கழுவுவதே சிறந்தது. கிடைக்காதபோது 60 விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹால் உள்ள கைத்திரவம். அழுக்கும் பிசுக்கும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது, வாந்திபேதி உண்டாக்கும் நோரோ வைரஸையும் சரிவர அழிக்காது. சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், வெயிலில் இறங்குவதற்குக் கால்மணி நேரம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும். அகன்ற விளிம்புத் தொப்பியும் நிழலும் அதைவிட முக்கியம்.

மருந்தில் ஒரு எச்சரிக்கை. காய்ச்சலுக்கான பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என வெவ்வேறு அடர்த்தியில் விற்கிறது. வீட்டில் ஒன்றைக் கொடுத்துப் பழகிவிட்டு, வெளியூரில் அவசரமாக மற்றதை வாங்கி அதே அளவு ஊற்றினால் மருந்து இரண்டு மடங்காகிவிடும், அல்லது பாதியாகிவிடும். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. மருத்துவர் எழுதிய அளவையும் சிரப்பின் அடர்த்தியையும் ஒரு சீட்டில் எழுதிப் பாட்டிலோடு ரப்பர் வளையத்தில் கட்டி எடுத்துப்போங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றும் இருக்கட்டும். பொட்டலத்தில் என்ன அளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அதே அளவில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கேடு.

கழிப்பறைக்குப் பழகிக்கொண்டிருக்கும் குழந்தையை ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒருமுறை அழைத்துப்போக வேண்டும். தானாகச் சீறும் ஃபிளஷும் கை உலர்த்தும் கருவியின் இரைச்சலும் பல குழந்தைகளை மிரட்டிவிடும். பழகி ஒரு மாதம்கூட ஆகவில்லையென்றால் அன்று ஒரு நாள் டயப்பர் போடுவதில் தவறில்லை. குழந்தையிடம் அதைச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

நகரத்தில் எத்தனை இடம்? ஒன்று. கூடவே ஓடியாட ஒரு திறந்த வெளி. அருங்காட்சியகமோ மீன்காட்சியகமோ விலங்குக் காட்சிச்சாலையோ, நுழைந்து ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட வேண்டும். பெரியவர் பத்து நிமிடத்தில் நடக்கும் தூரத்துக்கு இந்தக் குழந்தைக்கு அரைமணி நேரம் வேண்டும். இடையில் படியொன்றில் ஏழெட்டு முறை ஏறி இறங்கும், புறாவைத் துரத்தும், வடிகால் மூடியின் ஓட்டை வழியே எட்டிப்பார்க்கும், லிஃப்ட் கதவு திறந்து மூடுவதை வாய்பிளந்து பார்க்கும். அதற்கு நகரம் என்றால் அதுதான். இவ்வளவு செலவு செய்து வந்தும் குழந்தை எதையும் பார்க்கவில்லையே என்று வருந்துபவர்களிடம் சொல்ல விரும்புகிறேன்: அது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. கையைப் பிடித்து இழுக்காமல் நில்லுங்கள்.

இழுப்பது பற்றி மருத்துவக் காரணமும் ஒன்று உண்டு. இந்த வயதில் முழங்கை மூட்டின் தசைநார் இன்னும் இறுகவில்லை. நீட்டிய கையைப் பிடித்துச் சட்டென்று தூக்கினாலோ, இருபுறமும் பெரியவர்கள் கைபிடித்து ஊஞ்சல்போல் வீசினாலோ முழங்கை எலும்பு நழுவிவிடும். 1 முதல் 4 வயது வரை இது சாதாரணமாக நேர்வது. வீக்கம் இருக்காது, ஆனால் குழந்தை அந்தக் கையை அசைக்காமல் உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டிருக்கும், தொட்டால் அழும். நாமாகத் திருகிப் பார்க்கக் கூடாது. மருத்துவர் சில நொடிகளில் சரிசெய்துவிடுவார். தூக்குவதானால் அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டும்.

கூட்டத்தில் குழந்தை தொலைவது பெரும்பாலும் பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கும்போது அல்ல, மூன்று நான்கு பேர் இருக்கும்போதுதான். ஒவ்வொருவரும் குழந்தை மற்றவரிடம் இருப்பதாக நினைப்பார்கள். கைமாற்றும்போது வாய்திறந்து சொல்ல வேண்டும்: "இப்ப நீ பார்த்துக்க." எதிரில் இருப்பவர் "சரி" என்று சொன்னபிறகுதான் பார்வையை எடுக்கலாம். கிளம்பும் முன் அன்றைய உடையில் குழந்தையைத் தலைமுதல் கால்வரை போனில் படம் எடுத்துவிடுங்கள். பதற்றத்தில் சட்டையின் நிறம் பெற்ற தாய்க்கே நினைவு வராது. போன் எண்ணைச் சட்டையின் உள்பக்கத்திலோ கைப்பட்டையிலோ எழுதலாம். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். பெயர்சொல்லி அழைப்பவரைக் குழந்தை தெரிந்தவர் என்று நம்பிவிடும். காணவில்லை என்றால் ஒருவர் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அடுத்தவர் முதலில் ஓட வேண்டியது தண்ணீர் இருக்கும் பக்கம்: குளம், நீரூற்று, தொட்டி. அதேநேரம் ஊழியர்களிடம் சொல்லி வெளிவாசலைக் கவனிக்கச் செய்ய வேண்டும். மௌனமாகத் தேடாமல், குழந்தையின் வயதையும் உடையையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தேடினால் சுற்றியிருப்பவர்களின் கண்களும் சேர்ந்து தேடும்.

சுற்றுலா இடங்களின் வாசலில் விற்கும் பொம்மைகளில் இரண்டை மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள். ஒன்று, மின்னி மின்னி எரியும் மலிவுப் பொம்மைகள். பட்டன் பேட்டரியின் மூடி திருகில்லாமல் நகத்தாலேயே திறக்கும்படி இருந்தால் வாங்கக் கூடாது. விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சுவரை அரித்துவிடும். இன்னொன்று, ரப்பர் பலூன். ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் தொண்டையில் படலமாக ஒட்டிக்கொள்ளும்.

திரும்பும் நேரத்து அழுகைக்கும் கொஞ்சம் தயாராகலாம். "இன்னும் பத்து நிமிஷம்" என்பது இந்த வயதுக்குப் புரியாது. "இன்னும் மூணு தடவை சறுக்கு, அப்புறம் சாப்பாடு, அப்புறம் வண்டி" என்பது புரியும். சொன்னதுபோல மூன்றாவது முறை முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். நான்காவது முறைக்கு இணங்கினால் அடுத்த பயணத்திலும் கணக்கு நிற்காது. அப்படியும் தரையில் விழுந்து அழுதால், கூட்டத்திலிருந்து தள்ளித் தூக்கிப்போய், பேச்சைக் குறைத்து, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் இருந்தால் போதும். அந்த நேரத்தில் அறிவுரை ஏறாது. காரணம் பசி, தூக்கம், சூடு, ஈரம் இந்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

இவற்றில் பெரும்பகுதியைப் பெற்றோர் கவனித்துக்கொள்ள முடியும். அவர்களால் முடியாதது, போகும் இடத்தில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது. நுழைவுச்சீட்டு விலையும் திறக்கும் நேரமும் எங்கும் கிடைக்கின்றன. தள்ளுவண்டி உள்ளே போகுமா, எத்தனை படிகள், லிஃப்ட் உண்டா, டயப்பர் மாற்ற மேசை எங்கே, அது ஆண்கள் கழிப்பறையிலும் இருக்கிறதா, பாலூட்ட மறைவிடம் உண்டா, குடிநீர்க் குழாய் இருக்கிறதா, நண்பகலில் உட்கார நிழல் உண்டா, வெளியிலிருந்து குழந்தைக்கான உணவைக் கொண்டுபோக அனுமதிப்பார்களா என்பவை எங்கும் கிடைப்பதில்லை. போய் நின்றபிறகுதான் தெரியவருகிறது. தங்கள் செய்தியாளர்கள் அந்த இடங்களுக்கு நேரில் போய்த்தான் எழுதுகிறார்கள். ஒவ்வொரு இடத்தைப் பற்றிய குறிப்பின் கீழும் இவற்றுக்கு நான்கு வரி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நிர்வாகத்திடம் தொலைபேசியில் கேட்டு எழுதாமல், கண்ணால் பார்த்து எழுத வேண்டும். மேசை இருக்கிறது என்பார்கள், பூட்டிய அறைக்குள் இருக்கும். லிஃப்ட் இருக்கிறது என்பார்கள், ஓடாது. இந்த நான்கு வரி முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும்கூட அதே அளவு பயன்படும். வரும் விடுமுறைக்கால இதழிலேயே தொடங்கினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்